சாய்தளத்தை விரிப்பது யார் வேலை?

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில், அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பேருந்து டோக்கன் கற்றை ஒன்று இருக்கிறது. சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதத்துக்கு 10 கட்டணமில்லாப் பயண டோக்கன்கள் வழங்கும் திட்டம் 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. குடும்ப அட்டை நகல், வயதுச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய், வரிசையில் நின்று, ஆறு மாதத்துக்கானதை ஒரே தவணையில் வாங்கி வருவதில் அப்பா ஒருபோதும் தவறியதில்லை. ஆனால் முழங்கால் தேய்ந்து கைத்தடி பிடிக்கத் தொடங்கியபின் வாங்கிய டோக்கன்களில் பாதிகூடச் செலவாகவில்லை. காசில்லாமல் பேருந்தில் போகும் உரிமை அவர் கையில் இருந்தது. பேருந்தில் ஏறும் வலு அவர் காலில் இல்லை.

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான போக்குவரத்து பற்றி நம் ஊரில் பேச்சு எழும்போதெல்லாம் அது கட்டணச் சலுகையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. சலுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை; சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் ஒரு துணையாளரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆயினும் பயணம் தொடங்கும் இடம் பயணச்சீட்டு அன்று, படி. நம் நாட்டின் நகரப் பேருந்துகளைத் தரையின் உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். தரை 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் தாழ்தளம், 650 இருந்தால் பகுதித் தாழ்தளம், 900 இருந்தால் வழக்கமான உயர்தளம். 900 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ மூன்று அடி. நம் தலைமுறை பழகிய பேருந்துகள் பெரும்பாலும் இந்த உயரத்தில்தான் இருந்தன. ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்ளும் இருபது வயதுக்காரருக்கு அது கண்ணில் படாத உயரம். கைத்தடியை ஒரு கையிலும் கம்பியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தயங்கி நிற்கும் என் அப்பாவுக்கு அது பயணத்தையே கைவிடச் செய்யும் உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது சுவர்.

அந்தச் சுவர் தானாகத் தணியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றோர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறி வாதாடியதால்தான் பேச்சு இந்த அளவுக்காவது நகர்ந்தது. சாலைகள் குறுகல், வேகத்தடைகள் அளவு தப்பியவை, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், தாழ்தளப் பேருந்தின் விலை அதிகம் என்று அரசுத் தரப்பில் காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்தக் காரணங்களில் பொய் எதுவும் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வேகத்தடை அளவு தப்பியிருந்தால் திருத்த வேண்டியது வேகத்தடையைத்தானே தவிர, அதைக் காரணம் காட்டி ஒரு பகுதி மக்களை வீட்டிலேயே இருத்தி வைப்பது எப்படி நியாயமாகும்? அந்த வழக்காடலுக்குப் பின், சென்னை, கோவை, மதுரை நகரங்களுக்கென 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்க முடிவாகி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வளர்ச்சி வங்கியின் நிதியுதவியுடன் கொள்முதல் நடந்தது. 2024 ஆகஸ்டில் முதல் 58 பேருந்துகள் சென்னைச் சாலைகளில் இறங்கின. அவை அரசே வாங்கி, அரசுப் பணியாளர்களே ஓட்டுபவை.

அடுத்து வந்தவைதான் இந்தப் பதிவின் பொருள். உலக வங்கியின் துணையுடன் நடைபெறும் சென்னை மாநகரக் கூட்டாண்மைத் திட்டத்தின்கீழ் 625 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் திட்டமிடப்பட்டு, முதல் 120 பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்டன. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 55 ஏசி பேருந்துகள் தொடர்ந்தன. இவை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் ஓடினாலும் கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. தனியார் நிறுவனம் பேருந்தை வாங்குகிறது, பராமரிக்கிறது, மின்னேற்றம் செய்கிறது, ஓட்டுநரையும் வேலைக்கு வைக்கிறது. எந்த வழித்தடம், எத்தனை நடை, என்ன கட்டணம் என்பதைக் கழகம் முடிவு செய்கிறது. நடத்துநர் கழகத்தின் ஊழியர். வசூலாகும் பணம் முழுவதும் கழகத்துக்கே. ஓடிய தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் கழகம் நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. ஏசி அல்லாத பேருந்துக்கு ரூ.77.16, ஏசி பேருந்துக்கு ரூ.80.86 என்பது அந்த விலை. ஒப்பந்தக் காலம் 12 ஆண்டுகள். மொத்தச் செலவு ஒப்பந்தம் என்றும், ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு ஜிசிசி என்றும் இதைச் சொல்கிறார்கள். ஏசி அல்லாத ஒரு பேருந்து நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அதில் பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும், நிறுவனத்துக்குச் சேர வேண்டியது ரூ.15,432.

அரசு பணம் தர, தனியார் நடத்த, மக்கள் கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ பயன்பெறும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் தமிழ்நாட்டில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அங்கே நாம் எதை அளக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் வண்டி வாசலில் நின்றது என்பதைத்தான் பத்திரிகை எழுதுகிறது, அமைச்சர் சொல்கிறார், பொதுமக்களும் கேட்கிறார்கள். நோயாளியை ஏற்றாமல் வெறும் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த ஆம்புலன்ஸை யாரும் மெச்ச மாட்டார்கள். பேருந்துக்கு மட்டும் நாம் தூரத்தை அளக்கிறோம்.

இதை வெறும் குறையாக நான் சொல்லவில்லை. கிலோமீட்டர் கணக்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை முதியோர் பக்கம் நின்று பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். வசூலை நம்பி ஓடும் வண்டியில் ஒவ்வொரு நிமிடமும் காசு. பின்னால் போட்டி வண்டி வந்துகொண்டிருக்கும்போது, மெல்ல ஏறும் பாட்டி ஒருவருக்காக நிற்பது அந்த வண்டிக்கு நட்டக் கணக்கு. “சீக்கிரம் ஏறும்மா” என்ற அதட்டல் பிறப்பது பெரும்பாலும் கெட்ட மனத்திலிருந்து அன்று, அந்தக் கணக்கிலிருந்து. கிலோமீட்டர் விலை அந்த அவசரத்தை எடுத்துவிடுகிறது. ஒரு பயணியை ஏற்ற இரண்டு நிமிடம் நின்றாலும் நிறுவனத்துக்கு வருமானம் குறையாது. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம், அந்தப் பயணியை ஏற்றாமல் போனாலும் வருமானம் குறையாது என்பது. இன்னும் ஒரு படி மேலே போய், நடை தாமதமானால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, சக்கர நாற்காலி ஏறுவதற்காக வாசலில் சரிவாக விரிக்கும் தகடான சாய்தளத்தை விரித்து மூடும் நேரத்தை அந்தத் தாமதத்திலிருந்து கழிக்காமல் விட்டால், சக்கர நாற்காலியில் நிறுத்தத்தில் காத்திருப்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குப் பயணியாகத் தெரிய மாட்டார், அபராதமாகத் தெரிவார். எழுதியவர் யாருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்காது. காகிதத்தில் ஒரு வரி விடுபட்டால் சாலையில் அது இப்படித்தான் முடியும்.

சில வாரங்களுக்கு முன் எதிர் வீட்டு அண்ணனுடன் ஒரு தாழ்தளப் பேருந்தில் போனேன். கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். பதினைந்து ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டிலிருந்து நிறுத்தம்வரை அரை கிலோமீட்டர். நடைபாதையில் மின்பெட்டியும் இளநீர் வண்டியும் இருந்ததால் சாலையின் ஓரமாகவே அவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். பேருந்து வந்து நின்றதும், புஸ்ஸென்று காற்று இறங்கும் ஓசையுடன் அதன் இடப்புறம் சற்றே தாழ்ந்தது. நடத்துநர், ஐம்பது வயது இருக்கும், யாரும் கேட்காமலே பயணச்சீட்டுப் பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நடுவாசலுக்கு வந்து குனிந்தார். தரையோடு தரையாகப் பதிந்திருந்த இரும்புத் தகட்டின் பிடியில் விரலை விட்டுத் தூக்கி, அதை வெளிப்பக்கமாகப் புரட்டிப் போட்டார். தகடு தார்ச்சாலையில் டணாரென்று இறங்கியது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது: நடைபாதை விளிம்பை ஒட்டி இருசக்கர வண்டிகள் வரிசையாக நின்றதால் பேருந்து சாலையின் நடுப்பக்கமாகவே நின்றிருந்தது. நடைபாதை மேல் விழ வேண்டிய தகடு சாலைமேல் விழுந்ததால் சரிவு செங்குத்தாகிவிட்டது. அண்ணன் இரண்டு முறை முயன்றும் முன்சக்கரம் ஏறிப் பாதியில் நின்றது. கல்லூரி மாணவன் ஒருவன் இறங்கி வந்து பின்னாலிருந்து கைப்பிடியைப் பிடித்து உந்தினான். உள்ளே போனதும் நடத்துநர் நாற்காலியை ஓரமாகத் திருப்பி நிறுத்தி, பட்டையை இழுத்து மாட்டினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. ஏறி அமர்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அண்ணன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “பதினஞ்சு வருசம் கழிச்சு பஸ்ல போறேன்” என்றார்.

அந்த நடத்துநரின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவருக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆயினும் வீட்டுக்கு வந்தபின் என்னை அரித்த கேள்வி வேறு: அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? அவருடைய இடத்தில் இடுப்புவலிக்காரரோ, குனிந்து பழகாதவரோ, அன்று காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரோ இருந்திருந்தால்? ஓட்டுநர் ஒரு நிறுவனத்தின் ஆள், நடத்துநர் இன்னொரு நிறுவனத்தின் ஆள் என்று ஆகிவிட்ட பேருந்தில், சாய்தளத்தை விரிப்பது இவர்களில் யாருடைய கடமை என்பது பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேருடைய பொது வேலை என்று விட்டால் அது நல்ல மனம் உள்ளவரின் வேலையாக மட்டும் ஆகிவிடும். நல்ல மனத்தை நம்பி ஒருவர் தினமும் வேலைக்குப் போக முடியாது. ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும்.

வண்டி சரியாக இருந்தும் மனிதர்களின் கடமை தெளிவாக இல்லாததால் பயணம் தவறிய கதை இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2012 பிப்ரவரியில் சக்கர நாற்காலியில் செல்லும் டக் பாலி என்பவர் வெதர்பியிலிருந்து லீட்ஸ் நகருக்குப் போகப் பேருந்து ஏற வந்தார். அது ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் பேருந்து. சக்கர நாற்காலிக்கென இடம் இருந்தது, சாய்தளமும் இருந்தது. அந்த இடத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அவரை நகரச் சொல்லிக் கேட்டார், அவர் மறுத்தார், ஓட்டுநர் அதோடு விட்டுவிட்டார், பாலி இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து, பிடிக்க வேண்டிய ரயிலையும் தவறவிட்டார். 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வெறுமனே ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது, மறுப்பு நியாயமற்றது என்று தோன்றினால் ஓட்டுநர் அதற்கு மேலும் முயல வேண்டும் என்றது நீதிமன்றம். மேலோட்டமாகப் பார்த்தால் மிகச் சிறிய வேறுபாடு. ஆனால் நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் அந்த ஒரு வரி மாறுவதற்கு ஒரு மனிதர் ஐந்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது.

லண்டன் நகரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே பேருந்துகளை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். வழித்தடத்தையும் கட்டணத்தையும் வண்டியின் தரத்தையும் வகுப்பது நகரப் போக்குவரத்து அமைப்பு. நம்முடைய ஜிசிசி முறைக்கு அது மூத்த உறவு என்றே சொல்லலாம். வண்டி தாழ்தளமாக இருந்தால்தான் ஒப்பந்தம் என்று அங்கே கறாராக நின்றதால், பழைய படிக்கட்டுப் பேருந்துகள் 2005 டிசம்பரில் வழக்கமான வழித்தடங்களிலிருந்து விடைபெற்று, சுற்றுலாவுக்காக வைத்துக்கொண்ட சில வண்டிகள் நீங்கலாக நகரத்தின் பேருந்துகள் யாவும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை ஆயின. தனியார் வந்தால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் கைவிடப்படுவார்கள் என்ற அச்சத்துக்கும், தனியார் வந்தாலே சேவை சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் அந்த நகரம் ஒரே பதிலைத் தருகிறது: அரசு என்ன கேட்டதோ அது கிடைத்தது.

சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு இது கண்முன் நடந்த மாற்றம். 2016இல் அங்கே பேருந்துச் சேவை முழுவதும் ஒப்பந்த முறைக்கு மாறியது. பேருந்துகளையும் பணிமனைகளையும் அரசு தன்வசம் வைத்துக்கொண்டு, இயக்கும் பொறுப்பை மட்டும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்து முதன்முதலாக அங்கே ஓடியது 2006இல். 2020 டிசம்பருக்குள் அனைத்துப் பொதுப் பேருந்துகளும் அப்படி ஆகிவிட்டன. அதைவிட முக்கியமாக நான் கவனித்தது ஒன்று உண்டு. அங்கே நடத்துநர் கிடையாது. எனவே ஓட்டுநரே இருக்கையை விட்டு எழுந்து வந்து, கையால் தகட்டை விரித்து, பயணியை ஏற்றி, மீண்டும் மடக்கிவிட்டுப் போய் அமர்கிறார். யார் வேலை என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

நம் சட்டம் இதில் பின்தங்கியிருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்தை அணுகத்தக்கதாக்கும் பொறுப்பை அரசின் மீது வைக்கிறது. 46ஆம் பிரிவு ஒரு படி மேலே போய், சேவை அளிப்பவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின்படி சேவையை அளிக்க வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். ஆகவே, “அது கழகத்தின் பொறுப்பு, நாங்கள் ஒப்பந்தக்காரர்கள்தானே” என்று ஒரு நிறுவனமோ, “அது நிறுவனத்தின் பொறுப்பு, நாங்கள் கிலோமீட்டருக்குப் பணம் தருகிறோமே” என்று ஒரு கழகமோ ஒதுங்கிக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லை. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இங்கே பொருந்தும். அணுகல்தன்மை விதிகளை ‘பின்பற்றினால் நல்லது’ என்ற அறிவுரைகளாக எழுதி வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று அறிவித்து, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றைத் தனியாகப் பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்கச் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திடப்படும் ஓர் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டாயம் சொல்லுக்குச் சொல் இடம்பெறாவிட்டால், பிறகு அதைச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் பணம் கேட்கப்படும் என்பது ஒப்பந்தங்களோடு பழகிய எவருக்கும் தெரியும்.

பேருந்தோடு நின்றுவிட முடியாது. அண்ணனின் சக்கரம் பாதிச் சரிவில் நின்றதற்கு வண்டி காரணமன்று, நிறுத்தம் காரணம். நிறுத்தத்திலும் ஒரு கூட்டாண்மை ஒளிந்திருக்கிறது. சென்னையில் பேருந்து நிழற்குடைகளைத் தனியார் தம் செலவில் கட்டிப் பராமரித்து, விளம்பரப் பலகை வருமானத்தின் மூலம் ஈடுகட்டிக்கொள்ளும் முறையை மாநகராட்சி கையாண்டு வருகிறது. விளம்பரம் தெரிய வேண்டும் என்பதில் கட்டியவருக்கு இயல்பாகவே அக்கறை இருக்கும். நடைபாதையின் உயரம் பேருந்தின் தரைக்குப் பொருந்துகிறதா, நிழற்குடையின் தூணுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, முன்னால் வண்டிகள் நிறுத்தப்படாமல் இருக்கின்றனவா என்பதில் அவருக்கு அக்கறை பிறக்க வேண்டுமானால் அதையும் ஒப்பந்தமே பிறப்பிக்க வேண்டும். பேருந்து ஒரு துறையிடம், நிழற்குடை இன்னொரு துறையிடம், சாலை சில இடங்களில் மூன்றாவது துறையிடம், வண்டி நிறுத்துவோரைத் தடுப்பது போக்குவரத்துக் காவலரிடம் என்று பிரிந்து கிடக்கும் பொறுப்பை, பேருந்து ஏற வந்த ஒருவர் மட்டும் மொத்தமாகத் தம் உடம்பில் தாங்குகிறார்.

ஓட்டுநர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்த முறையைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தபோது அதை வேலைப் பாதுகாப்புக்கான போராட்டமாக மட்டுமே பலர் பார்த்தனர். பயணியின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த எதிர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. பேருந்தை விளிம்பை ஒட்டி நிறுத்துவது, முதியவர் கம்பியைப் பிடிக்கும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருப்பது, பார்வையற்றவருக்கு எந்த எண் பேருந்து என்று குரல் கொடுப்பது ஆகியவை ஓட்டுநர் உரிமத்தோடு வருபவை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒரே வழித்தடத்தில் ஓட்டி, அங்கே யார் எந்த நிறுத்தத்தில் காத்திருப்பார் என்று அறிந்து வருபவை. குறைந்த ஊதியத்தால் ஓட்டுநர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டில் அந்த அறிவு சேராது. எனவே பணியில் சேரும்போது ஒரு நாள் வகுப்பு என்பதோடு நிற்காமல், மாற்றுத்திறனாளிகளே வந்து நடத்தும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்றும், ஓட்டுநரின் ஊதியத்துக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும் என்றும் கேட்பது பயணிகளின் கோரிக்கையாகவும் இருக்க வேண்டும்.

சென்னையைத் தாண்டினால் நிலைமை வேறு. புதிய சிற்றுந்துத் திட்டம் 2025இல் தொடங்கியபோது பேருந்தே காணாத சிற்றூர்களுக்கு வழி பிறந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அவை வசூலை நம்பி ஓடும் தனியார் வண்டிகள்; மேலே நான் சொன்ன ‘நிமிடத்துக்குக் காசு’ என்ற கணக்குக்கு உட்பட்டவை. ஊருக்கு ஒரே வண்டி என்ற இடத்தில் அதன் படி உயரமாக இருந்தால் மாற்று வழியே இல்லை. உரிமம் கொடுக்கும்போதே கீழ்ப்படியின் உயரத்தையும் பிடிகம்பியையும் நிபந்தனையாக்குவதற்கு அரசுக்குப் பெரிய செலவில்லை; முதியவரை ஏற்றிச் செல்லும் பயணத்துக்கு இவ்வளவு என்று நேரடியாக மானியம் தரும் யோசனையையும் பரிசீலிக்கலாம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எதிர் வீட்டு அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து, வரப்போகும் ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டியவை பற்றிப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு மனு எழுதினோம். முதலாவதாக, சாய்தளம் வேலை செய்யாத பேருந்து அன்று பணிமனையை விட்டுப் புறப்படக் கூடாது, புறப்பட்டால் அந்த நடைக்குக் கிலோமீட்டர் பணம் கிடையாது என்று எழுதினோம். இரண்டாவதாக, சாய்தளம் ஒவ்வொரு முறை விரிக்கப்படும்போதும் அது எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு என்று தானாகப் பதிவாக வேண்டும். அந்த நேரம் தாமதக் கணக்கில் சேரக் கூடாது. விரித்து ஏற்றிய ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சிறு தொகை கூடுதலாகத் தரப்பட வேண்டும், அதில் பாதி ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் போய்ச்சேர வேண்டும் என்று கேட்டோம். மூன்றாவதாக, தாழ்தளப் பேருந்துகள் ஓடும் வழித்தடங்களில் அவற்றின் நேர அட்டவணை நிறுத்தத்திலேயே தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும் என்றோம். எந்த வண்டியில் ஏற முடியும் என்று தெரியாமல் வெயிலில் காத்திருப்பவருக்குத் தாழ்தளப் பேருந்து இருந்தும் இல்லாததே. அப்பா உள்ளிருந்து வந்து மனுவை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, பிடிகம்பி இரும்பாக இருந்தால் வெயிலில் சுடுகிறது, மேலே ரப்பர் உறை போடச் சொல்லி எழுது என்றார். அதையும் சேர்த்தேன்.

முடித்துவிட்டோம் என்று நான் பேனாவை மூடியபோது அண்ணன் இன்னொன்று பாக்கி இருக்கிறது என்றார். சாய்தளத்தை விரித்த பிறகு, நாற்காலியின் பின்னால் கை வைப்பதற்கு முன்பு, “தள்ளட்டுமா?” என்று பயணியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதைப் பயிற்சியில் சேர்க்கும்படி எழுதச் சொன்னார். எழுதிக் காட்டினேன். ‘வேண்டும்’ என்பதை அடித்துவிட்டு ‘கட்டாயம் வேண்டும்’ என்று தம் கையாலேயே திருத்தினார்.